முப்பது நொடிப் பொறுமை: மெய்நிகர் சர்வர்களில் கோப்பு முறைமை ஏன் தன்னை மூடிக்கொள்கிறது?

"சர்வர் டவுன்" என்று ஓர் இ-சேவை மையத்திலோ வங்கிக் கவுண்டரிலோ சொல்லும்போது அதன் பின்னால் பத்து விதமான கோளாறுகள் இருக்கலாம். இணைப்பு அறுந்திருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம், மென்பொருளே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் விடக் குழப்பமான வகை ஒன்று உண்டு. சர்வர் உயிரோடு இருக்கும். 'பிங்' அனுப்பினால் பதில் வரும். சில பக்கங்கள் திறக்கவும் செய்யும். ஆனால் புதிதாக ஓர் எழுத்தைக்கூட அதில் பதிய முடியாது. ரீபூட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். சில நாள் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், அதே கோளாறு மறுபடியும் தலைகாட்டும்.

மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் டிஸ்க், குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாததால் அதன் கோப்பு முறைமை தன்னைத் தானே மூடிக்கொள்வதுதான் இந்தக் கோளாறு. கடலூர் மாவட்டத்தின் பெண்ணாடம் போன்ற ஒரு பேரூராட்சியில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், நகைக்கடன் ரசீது, ரயில் முன்பதிவு என்று அந்த ஊர்க்காரரின் அன்றாடம் முழுக்க எங்கோ தொலைவில் ஓடும் சர்வர்களைத்தான் நம்பியிருக்கிறது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில் இருக்கிறது. வங்கிகளின் மையங்கள் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. அங்கே ஓர் அலமாரியில் ஒரு டிஸ்க் அரை நிமிடம் தயங்கினால், இங்கே பாதி நாள் கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலைப் பற்றித் தெரிந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. கோப்பு முறைமை மூடிக்கொள்வது நோயன்று, தரவைக் காக்கும் செயல். நோய் இருப்பது வேறிடத்தில்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல பாகங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருப்பதில். இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் ரீபூட்டோடு நின்றுவிடுகிறது.

ஒரு பதிவு டிஸ்க்கைச் சென்றடையும் வழி

ஒரு விண்ணப்பத்தை 'சமர்ப்பி' என்று அழுத்தியதும் அந்தத் தரவு நேராக டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் அது சர்வரின் நினைவகத்தில் தங்குகிறது. மென்பொருளுக்கு "எழுதிவிட்டேன்" என்ற பதில் அப்போதே போய்விடுகிறது. லினக்ஸ் கர்னல் அதைப் பிற்பாடு, வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ முப்பது நொடி கழித்து, டிஸ்க்குக்கு அனுப்புகிறது. உடனே எழுதியாக வேண்டும் என்று மென்பொருள் வற்புறுத்தினால் மட்டுமே காத்திருந்து எழுதுகிறது.

அப்படி அனுப்பும்போது அது கடக்க வேண்டிய படிகள் ஏராளம். கோப்பு முறைமை, பிளாக் அடுக்கு, ஸ்கஸி டிரைவர், மெய்நிகர் கன்ட்ரோலர் ஆகியவை விருந்தினர் இயந்திரத்துக்குள், அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்குள், இருப்பவை. அதன்பின் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், அதன் பலபாதை மேலாளர், ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கஸி இணைப்பு, சுவிட்ச், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர், கடைசியாக டிஸ்க். இவற்றில் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு. "இத்தனை நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று கொள்வேன்" என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. மேசைமேல் இருக்கும் ஒரு கணினியில் டிரைவரும் டிஸ்க்கும் மட்டுமே பேசிக்கொள்ள வேண்டும். மெய்நிகர் உலகில் பத்துப் பேர் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். நடுவில் யார் தாமதித்தார் என்பது கடைசியில் நிற்பவருக்குத் தெரியாது.

ஏன் மூடிக்கொள்கிறது?

இன்று லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருப்பவை இரண்டு கோப்பு முறைமைகள். ஈஎக்ஸ்டி4, 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6.28 கர்னலில் நிலைபெற்றது. டெபியனும் உபுண்டுவும் இதையே இயல்பாகத் தருகின்றன. எக்ஸ்எஃப்எஸ், சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கியது. 2014இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அந்தக் குடும்பத்தின் இயல்புத் தேர்வு இதுதான்.

இரண்டுமே ஜர்னல் முறையில் இயங்குகின்றன. பழைய கணக்கப்பிள்ளை எந்த வரவு செலவையும் முதலில் நாள்வழியில் எழுதி, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார். இடையில் விளக்கு அணைந்தாலும் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டை நேர் செய்துவிடலாம். கோப்பு முறைமையும் தன் அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதுகிறது. அந்த ஜர்னலிலேயே எழுத முடியவில்லை என்று டிஸ்க் சொல்லிவிட்டால், அதற்குமேல் எதைச் செய்தாலும் கணக்குத் தப்பிப்போகும் ஆபத்து உண்டு. எனவே கையை எடுத்துவிடுவதே ஒரே நேர்மையான வழி.

கையை எடுக்கும் விதத்தில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. ஈஎக்ஸ்டி4 ஜர்னலைக் கைவிட்டு, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் உரிய நிலைக்கு மாற்றிவிடுகிறது. அதனால்தான் இணையதளத்தின் பழைய பக்கங்கள் திறக்கின்றன. புதிய விண்ணப்பம் மட்டும் பதிவாக மறுக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் இன்னும் கண்டிப்பானது. லாக் எனப்படும் தன் ஜர்னலில் எழுத முடியாவிட்டால் கோப்பு முறைமை முழுவதையும் மூடிவிடுகிறது. அதன்பின் ஒரு கோப்பகத்தைப் பட்டியலிடக் கேட்டாலும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற பதில்தான். கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்து கோளாறைச் சரிசெய்யும்படி அதன் செய்தியே சொல்லிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் எல்லாப் பிழையும் மூடலில் முடிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கோப்பின் தரவை எழுதுவதில் பிழை வந்தால் அது மென்பொருளிடம் போய்ச் சேர்கிறது. அமைப்புத் தகவலை உரிய இடத்தில் எழுதுவதில் பிழை வந்தால் இயல்பாக மறுபடி மறுபடி முயல்கிறது. எத்தனை முறை முயலலாம் என்று வரையறுக்கும் வசதி 4.7 கர்னலில் இருந்து உண்டு. லாக்கில் வரும் பிழைக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

முப்பது நொடிக் கணக்கு

லினக்ஸில் ஸ்கஸி டிஸ்க்குக்கான இயல்புக் கால வரம்பு 30 நொடி. கணினிக்குள்ளேயே கேபிளில் செருகிய டிஸ்க் முப்பது நொடி பதில் சொல்லவில்லை என்றால் அது செத்துப்போனதாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் வரம்பு தாண்டியதுமே பிழை மேலே போய்விடுவதில்லை. கர்னல் அந்தக் கட்டளையை ரத்து செய்யப் பார்க்கும். முடியாவிட்டால் டிஸ்க்கை, பிறகு பஸ்ஸை, கடைசியில் கன்ட்ரோலரையே ரீசெட் செய்யும். கட்டளையை ஐந்து முறை வரை திரும்ப அனுப்பும். ஆறு முயற்சிக்கு முப்பது நொடி வீதம் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று நிமிடம். ரீசெட்டுகளும் பயன் தராவிட்டால் டிஸ்க்கையே 'ஆஃப்லைன்' என்று அறிவித்துவிடும்.

மெய்நிகர் இயந்திரங்கள் பரவத் தொடங்கியபோதே இந்தக் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஸ்டோரேஜில் ஒரு கன்ட்ரோலர் விழுந்து மற்றது பொறுப்பேற்பது தரவு மையத்தில் சாதாரண நிகழ்வு. அதற்குள் லினக்ஸ் விருந்தினர் பொறுமை இழந்து படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடுவது விஎம்வேர் ஹைப்பர்வைசரின் பழைய பதிப்புகளில் இருந்தே அறியப்பட்ட சிக்கல். அதனால்தான் விஎம்வேர் டூல்ஸ், லினக்ஸ் விருந்தினருக்குள் ஒரு யூடெவ் விதியை (சாதனங்களைக் கண்டதும் அவற்றின் அமைப்பைத் தீர்மானிக்கும் விதி) வைத்து வரம்பை 180 நொடியாக்குகிறது. விண்டோஸ் சர்வரில் இதற்கு ஈடான ரெஜிஸ்ட்ரி மதிப்பு 60 நொடி. மைக்ரோசாஃப்ட் அஷூரின் லினக்ஸ் ஏஜென்ட் 300 நொடி வைக்கிறது. அமேசான் மேகத்தில் டிஸ்க்குகள் என்விஎம்இ வடிவில் தெரிகின்றன. அதற்கும் இயல்பு 30 நொடிதான், எனவே கர்னல் அனுமதிக்கும் மிக உயர்ந்த மதிப்பை வைக்கும்படி அமேசானே பரிந்துரைக்கிறது. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் பயன்படும் விர்ட்டியோ-பிளாக் டிரைவரோ பொதுவாக நேரமே பார்ப்பதில்லை. கீழிருந்து பதிலோ பிழையோ வரும் வரை காத்துக்கிடக்கும்.

இதே வேளையில் கீழடுக்குகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. லினக்ஸின் ஐஸ்கஸி இணைப்பு அறுந்தால், இயல்பாக 120 நொடி வரை மறுஇணைப்புக்குக் காத்திருந்துவிட்டுத்தான் பிழையை மேலே அனுப்பும். ஸ்டோரேஜுக்குச் செல்லும் எல்லாப் பாதைகளும் அறுந்தால் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ 140 நொடி காத்திருக்கும். அதன்பிறகு தன் சொந்த வேலைகளுக்கான கோரிக்கைகளை உடனுக்குடன் நிராகரிக்கும், விருந்தினரின் கோரிக்கைகளை மட்டும் தொடர்ந்து முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸின் டிஸ்க் பங்கீட்டு அடுக்கான எல்விஎம்மின் 'தின் பூல்' (பல டிஸ்க்குகள் பகிரும் பொது இடம்) நிரம்பிவிட்டால் 60 நொடி நிறுத்திவைத்துவிட்டுப் பிழை தரும்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நோய் புரிந்துவிடுகிறது. கீழே உள்ளவர் 140 நொடி கழித்துத்தான் ஒரு முடிவுக்கு வருவார்; மேலே உள்ளவர் 30 நொடியில் கட்டளையை ரத்து செய்யத் தொடங்கிவிடுவார். இருவரும் அவரவர் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அடிபடுவது இருவருக்கும் நடுவில் இருக்கும் தரவு.

அண்மைக்காலத்தில் இதற்கு ஒரு புதிய கிளையும் முளைத்திருக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு, உரிமக் கட்டணம் காரணமாகப் பல நிறுவனங்கள் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற கேவிஎம் தளங்களுக்கு மாறுகின்றன. மேலே சொன்ன யூடெவ் விதி, டிஸ்க்கின் தயாரிப்பாளர் பெயர் விஎம்வேர் என்று இருந்தால் மட்டுமே வேலை செய்யும். தளம் மாறியதும் அந்தப் பெயர் மாறிவிடும். விதி சத்தமில்லாமல் செயலிழந்துவிடும். வரம்பு மறுபடி 30 நொடிக்கு இறங்கும். விர்ட்டியோ டிரைவருக்கு மாறாமல் பழைய எல்எஸ்ஐ வகைக் கன்ட்ரோலரையே வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்த இயந்திரங்களில் இது தனிக் கவனம் கேட்கும் இடம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

வரம்புகள் பொருந்தாதது பாதிக் கதை. டிஸ்க் ஏன் முப்பது நொடி பேசாமல் இருந்தது என்பது மீதிப் பாதி. இதற்கான காரணங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பேக்கப்பும் ஸ்னாப்ஷாட்டும் (இயந்திரத்தின் ஒரு கண நிலையைப் பதிந்து வைப்பது). நள்ளிரவுக் கோளாறுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இவை. பல இயந்திரங்களின் பேக்கப் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஸ்டோரேஜின் வரிசை நீண்டுவிடும். நாள்பட்ட ஸ்னாப்ஷாட்டை நீக்கி ஒருங்கிணைக்கும்போது இயந்திரம் சில நொடிகள், சிலசமயம் அதற்கும் மேல், உறைந்து நிற்கும். பேக்கப்புக்காகக் கோப்பு முறைமையை உறைய வைத்துவிட்டு மறுபடி விடுவிக்கத் தவறினால் எழுதும் வேலைகள் எல்லாம் தேங்கிவிடும். இந்தக் கடைசி நிலையில் பிழைச் செய்தி எதுவும் வராது, தேக்கம் மட்டுமே இருக்கும். பிழையா தேக்கமா என்று முதலிலேயே பிரித்துப் பார்க்காததால் வீணாகும் நேரம் அதிகம்.

இரண்டாம் வகை, இடம் தீர்ந்துபோதல். ஸ்டோரேஜில் இருப்பதைவிட அதிக இடத்தை இயந்திரங்களுக்குக் கணக்கில் காட்டிக் கொடுப்பது இன்று வழக்கம். எல்லாரும் தங்கள் பங்கைக் கேட்கத் தொடங்கும் நாளில் பூல் நிரம்பிவிடும். கேவிஎம்மோடு சேர்ந்து இயங்கும் கியூஇஎம்யூ இயல்பாக இந்நிலையில் இயந்திரத்தை நிறுத்திவைக்கும். செஃப் என்ற ஸ்டோரேஜ் தொகுப்பு 85 விழுக்காட்டில் எச்சரித்து, 95 விழுக்காட்டில் எழுதுவதை நிறுத்தும். விருந்தினருக்குள் இருந்து பார்த்தால் டிஸ்க்கில் பாதி இடம் காலியாகத் தெரியும். அதனால் யாரும் இந்தப் பக்கம் சந்தேகிப்பதில்லை.

மூன்றாம் வகை, டிஸ்க்கும் அதன் கன்ட்ரோலரும். மேசைக் கணினிக்கான மலிவான ஹார்டு டிஸ்க், படிக்க முடியாத பகுதி ஒன்றைச் சந்தித்தால் ஒரு நிமிடத்துக்கும் மேலாகக்கூட விடாமல் முயன்றுகொண்டிருக்கும். சர்வருக்கும் என்ஏஎஸ்ஸுக்கும் உரிய டிஸ்க்குகள் ஏழு நொடி அளவில் கைவிட்டு, பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். விலையைப் பார்த்து மேசைக் கணினிக்கான டிஸ்க்கை வாங்கி ரெய்டில் போட்டால் முப்பது நொடி வரம்பு நிச்சயம் ஒரு நாள் மீறப்படும். ரெய்டு கார்டின் பேட்டரி தேய்ந்துபோனாலும் இதே கதைதான். பேட்டரியை நம்ப முடியாதபோது கார்டு தன் நினைவகத்தில் வைத்து எழுதுவதை விட்டுவிட்டு நேராக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். வேகம் ஒரேயடியாக விழும். சில கார்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டரியைத் தாமாகவே வடித்து ஏற்றிச் சோதிக்கும்; அந்தச் சில மணிநேரம் மட்டும் சர்வர் திணறும். டெபியனில் மென்பொருள் ரெய்டின் முழுச் சோதனை நெடுங்காலமாக மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு 12:57க்குத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. கோளாறு வந்த தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே இப்படிப்பட்ட காரணங்கள் வெளிப்பட்டுவிடும்.

நான்காம் வகை, பாதை. கேபிள், சுவிட்ச், தரவு மையங்களுக்கு நடுவே ஓடும் இழை. இதற்கு இந்தியாவிலேயே பெரியதோர் உதாரணம் இருக்கிறது.

2021 பிப்ரவரி 24

அன்று காலை 11:40க்குத் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. பிற்பகல் 3:45க்குத்தான் மீண்டது; அன்று மட்டும் மாலை 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. சந்தை பின்னர் தந்த விளக்கத்தின் சாரம் இது: முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. வழியில் சாலையோரம் நடந்த தோண்டுதல், கட்டுமான வேலைகளால் இரண்டும் நிலையற்றுப் போயின. இணைப்பு போனாலும் முதன்மை மையத்தின் ஸ்டோரேஜ் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதே திட்டம். ஆனால் அந்த ஸ்டோரேஜ், தன்னோடு இணைந்த சர்வர்களுக்கே எட்டாமல் போனது. இடர் மேலாண்மை, தீர்வு, கண்காணிப்பு முறைமைகள் கிடைக்காமல் போக, அவை இல்லாமல் வர்த்தகத்தை நடத்த முடியாததால் சந்தை நிறுத்தப்பட்டது.

கோப்பு முறைமை என்ற சொல் அந்த விளக்கத்தில் முன்னிற்கவில்லை. ஆனால் பாடம் நம் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு இணைப்புகள் இருந்தும் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் கேடு வந்தது. இணைப்பு முழுதாக அறுந்திருந்தால் முடிவெடுப்பது எளிது. வருவதும் போவதுமாக இருந்ததே அதைக் கடினமாக்கியது. ஸ்டோரேஜும் முழுதாகச் சாவது அரிது. அரையுயிராக நிற்பதுதான் வழக்கம். சோதனை செய்பவர்கள் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கேபிள் பாதி வேலை செய்யும்போது என்ன ஆகும் என்று பார்ப்பவர் குறைவு. அந்நிகழ்வுக்குப் பின் 2021 மார்ச்சில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, முக்கிய முறைமை பாதிக்கப்பட்டால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவித்து, அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும் என்று விதி வகுத்தது.

கடலூர்ப் பக்கத்து மக்களுக்கு இழையும் கம்பியும் அறுவது என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அப்படிப்பட்ட மாவட்டத்தில் சர்வர் வைத்திருக்கும் எந்த நிறுவனமும், மின்சாரம் முழுதாகப் போவதற்கு மட்டுமல்லாமல் விட்டுவிட்டு வருவதற்கும் தயாராக இருந்தாக வேண்டும்.

தடயம் தேடுவது எப்படி?

இந்தக் கோளாறின் மிகக் கொடிய குணம், தன் தடயத்தைத் தானே அழிப்பது. பிழைச் செய்திகள் எழுதப்பட வேண்டிய லாக் கோப்பும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் மூடிய கணத்தில் லாக்கும் நின்றுவிடும். ரீபூட் செய்து லாக்கைத் திறந்தால், அதிகாலை 2:14 வரை எல்லாம் அமைதியாக இருந்ததாகவும் அடுத்த வரி காலை 9:30க்கு எழுதப்பட்டதாகவும் காட்டும். நடுவில் இருந்த ஏழு மணிநேரம் நினைவகத்தோடு போயிற்று. எனவே ரீபூட் பொத்தானைத் தொடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஹைப்பர்வைசர் வழியாக இயந்திரத்தின் கன்சோலைத் திறந்து, திரையில் இருப்பதைப் படமெடுத்து வைப்பது.

அந்தத் திரையில் பொதுவாக ஒரு வரிசை தெரியும். முதலில், ஜர்னலை எழுதும் பணி 120 நொடிக்கு மேலாகத் தடைபட்டு நிற்கிறது என்ற எச்சரிக்கை. அடுத்து, ஸ்கஸி கட்டளைகள் ரத்து செய்யப்படுவதும் டிஸ்க் ரீசெட் ஆவதும். பிறகு, இன்ன செக்டாரில் எழுத முடியவில்லை என்ற உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. கடைசியில், ஜர்னலைக் கைவிடுகிறேன் என்று ஈஎக்ஸ்டி4 சொல்வதோ, லாக் பிழையால் மூடுகிறேன் என்று எக்ஸ்எஃப்எஸ் சொல்வதோ. பலர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுக் கோப்பு முறைமை கெட்டுவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது முதல் வரியை. கர்னல் செய்திகளில் உள்ள நேரத்தைக் கொண்டு, தாமதம் எப்போது தொடங்கியது என்று கணக்கிட்டு, அதே நேரத்தில் ஹைப்பர்வைசரிலும் ஸ்டோரேஜிலும் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். மூன்று இடத்துக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டாவிட்டால் இந்த ஒப்பீடே நடக்காது. எனவே என்டிபி மூலம் நேரத்தை ஒத்திசைப்பதும் நோயறியும் கருவிதான்.

ரூட் டிஸ்க்கே மூடிவிட்டால் புதிதாக லாகின் செய்ய முடியாமல் போகலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு முனையம் இருந்தால் அது பொன்போன்றது. அதில் சாதாரணக் கட்டளைகள் பலவும் ஓடாது, ஏனென்றால் அவற்றை டிஸ்க்கிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஆனால் ஷெல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கும் 'ரீட்', 'எக்கோ' ஆகியவை ஓடும். அவற்றைக் கொண்டே கர்னல் செய்திகளை வரி வரியாகத் திரைக்குக் கொண்டுவரலாம். கடைசியில் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யவும், கர்னலின் சிஸ்ரிக் வசதிக்கு 'எக்கோ' மூலம் ஓர் எழுத்தை அனுப்பினால் போதும்.

அடுத்த முறைக்காகச் செய்து வைக்க வேண்டியவை தெளிவானவை. லாக்குகளை வேறொரு சர்வருக்கு உடனுக்குடன் அனுப்ப ஆர்சிஸ்லாக். கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாகவே வெளியேற்ற நெட்கன்சோல். இல்லையேல் மெய்நிகர் சீரியல் போர்ட். தாமதத்தை அளக்க ஐஓஸ்டாட்டின் காத்திருப்பு நேரக் கட்டம். 2018 இறுதியில் வந்த 4.20 கர்னல் முதல் கிடைக்கும் அழுத்த அளவீடு. இஎஸ்எக்ஸ்ஐயில் இஎஸ்எக்ஸ்டாப் காட்டும் மூன்று எண்கள். அவற்றில் ஒன்று ஸ்டோரேஜின் தாமதம், ஒன்று ஹைப்பர்வைசருக்குள்ளான தாமதம், மூன்றாவது விருந்தினர் உணரும் மொத்தம். குற்றம் ஸ்டோரேஜிலா ஹைப்பர்வைசரிலா என்ற வழக்கில் இந்த மூன்று எண்களைவிட நல்ல சாட்சி இல்லை.

மீட்பின் ஒழுங்கு

மீட்பில் அவசரம் செய்யும் கேடு, முதல் கோளாறு செய்ததைவிடப் பெரியதாக இருக்கலாம். ஸ்டோரேஜ் உண்மையில் நிலைத்துவிட்டதா என்று உறுதிசெய்வது முதல் படி. அரையுயிர் டிஸ்க்கின் மேல் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டினால் அந்தக் கருவியே பாதியில் நின்று, இருப்பதையும் சிதைத்துவிடும். இரண்டாவது, முடிந்தால் அந்த மெய்நிகர் டிஸ்க்கின் பிரதி ஒன்றை எடுத்து வைப்பது. மூன்றாவது, கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்வது. பெரும்பாலான சமயங்களில் ஜர்னல் தானாகவே ஓடி எல்லாவற்றையும் நேர் செய்துவிடும். வேறு எதுவும் தேவைப்படாது. மவுண்ட் ஆகாவிட்டால் மட்டுமே பழுதுபார்க்கும் கருவி, அதுவும் முதலில் எதையும் மாற்றாமல் சோதிக்கும் நிலையில்.

எக்ஸ்எஃப்எஸ்ஸின் பழுதுபார்க்கும் கருவி, லாக்கில் ஓடாத பதிவுகள் இருந்தால் வேலை செய்ய மறுக்கும். அப்போது லாக்கை அழிக்கும் 'எல்' தெரிவைப் பயன்படுத்தச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். அது கடைசி வழி. கடைசி நொடிகளில் நடந்த அமைப்பு மாற்றங்கள் எல்லாம் அதோடு போய்விடும். பிரதி எடுக்காமல் அதைத் தொடவே கூடாது.

டேட்டாபேஸ் ஓடிய இயந்திரமாக இருந்தால் வேலை அதோடு முடிவதில்லை. 2018இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் உருவாக்குநர்கள் நடுவே பெரிய விவாதத்தைக் கிளப்பிய ஓர் உண்மை உண்டு. தரவை டிஸ்க்குக்கு அனுப்பும் 'எஃப்சிங்க்' அழைப்பு ஒருமுறை தோற்றால், லினக்ஸ் அந்தப் பக்கங்களை எழுதி முடித்தவைபோலக் குறித்துவிடக்கூடும். அடுத்த அழைப்பு வெற்றி என்றே திரும்பும். தரவோ டிஸ்க்கில் இருக்காது. இதன் விளைவாக 2019 பிப்ரவரி வெளியீடுகள் முதல் போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றதும் தானே நின்று, தன் லாக்கிலிருந்து மீளும்படி மாற்றப்பட்டது. கோப்பு முறைமைகள் பல காலமாகச் செய்துவந்ததைத்தான் டேட்டாபேஸும் கற்றுக்கொண்டது: ஐயம் வந்தால் நில்.

வரம்பைக் கூட்டுவதா குறைப்பதா?

வல்லுநர்கள் நடுவே இன்னும் ஒருமித்த கருத்து இல்லாத இடம் இது. வரம்பை உயர்த்தினால் போதும் என்பது ஒரு தரப்பு. தனியாக ஓடும் சர்வருக்கு இது சரி. சில நிமிடம் உறைந்து நின்றாலும் ஸ்டோரேஜ் மீண்டதும் ஒன்றும் நடவாததுபோலத் தொடரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 180 நொடி வரம்பும் ஐந்து மறுமுயற்சியும் சேர்ந்தால், ஒரு பிழை வெளிப்படப் பதினெட்டு நிமிடம் வரை ஆக இடமுண்டு. இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று துணையாக ஓடும் தொகுப்பில், முதல்வர் உறைந்திருப்பது தெரியாமல் துணைவர் கைகட்டி நிற்பார். அங்கே வரம்பைக் குறைத்து, பிழை வந்ததும் இயந்திரமே பானிக் ஆகி, அதாவது கர்னலே இயக்கத்தை நிறுத்தி, விலகி, துணைவருக்கு வழிவிடுவதுதான் பொருத்தம். ஈஎக்ஸ்டி4இல் பிழை வந்தால் தொடர்வது, படிக்க மட்டும் ஆக்குவது, பானிக் ஆவது என்ற மூன்று தெரிவுகள் இருப்பது இதற்காகவே. இவற்றில் பிழையைப் பொருட்படுத்தாமல் தொடர்வதை மட்டும், மக்கள் பணமும் நிலமும் பதிவாகும் எந்தச் சர்வரிலும் ஏற்க முடியாது.

ஆக, விவாதத்தின் இரு தரப்பும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள்தாம். கீழடுக்கு மாற்றுப்பாதைக்கு மாற அதிகபட்சம் எடுக்கும் நேரத்தைவிட மேலடுக்கின் பொறுமை கூடுதலாக இருக்க வேண்டும். பயனரோ துணைச் சர்வரோ தாங்கக்கூடிய நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஊகிக்கக் கூடாது. வேலை நேரத்துக்குப் பிறகு ஒரு நாள் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரை வேண்டுமென்றே விழவைத்து, கையில் கடிகாரத்தோடு அளக்க வேண்டும்.

சிறிய ஊர்களுக்கு

பெரிய தரவு மையங்களில் இதற்கென ஆட்கள் இருக்கிறார்கள். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் போன்ற ஊர்களில் உள்ள கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், அரைவை ஆலை ஆகியவற்றில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் கணினி, பிரிண்டர், கேமரா, சர்வர் அத்தனையும் பார்க்கிறார். ஒரே பெட்டியில் நான்கைந்து மெய்நிகர் இயந்திரங்கள், மலிவான டிஸ்க்குகள், எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாத யுபிஎஸ் பேட்டரி. அவரிடம் பெரிய முதலீட்டை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பணம் கேட்காத ஐந்து காரியங்கள் உண்டு. ஒவ்வோர் இயந்திரத்திலும் டிஸ்க் வரம்பு என்னவென்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது. பேக்கப் நேரங்களை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு அமைப்பது. பூல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை வாரம் ஒருமுறை பார்ப்பது. பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்குவது. ஒரு பழைய கணினியை லாக் பெறும் சர்வராக மாற்றி, எல்லா இயந்திரங்களின் செய்திகளையும் அதற்கு அனுப்புவது. டிஸ்க் வாங்கும் நாளில் மட்டும், சர்வருக்கு உரிய வகையைக் கேட்டு வாங்கச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு பழக்கமும் மாற வேண்டும். ரீபூட் செய்ததும் சர்வர் எழுந்துவிட்டது என்பதால் கோளாறு தீர்ந்ததாகக் கோப்பை மூடிவிடுகிறோம். காரணம் எழுதப்படாத ஒவ்வொரு ரீபூட்டும் அடுத்த முடக்கத்துக்கான தேதியைக் குறித்துவிட்டுப் போகிறது. எந்த டிஸ்க், எத்தனை மணிக்குத் தயங்கியது, எந்த வரம்பு முதலில் தீர்ந்தது, அதற்கு என்ன செய்தோம் என்ற நான்கு வரிகள் எழுதப்பட்டால்தான் அது பழுது நீக்கம். மக்கள் சேவைக்கான சர்வர்களை நடத்துகிறவர்கள், அரசானாலும் வங்கியானாலும், இந்த நான்கு வரிகளைப் பொதுவில் வெளியிடுவதையும் வழக்கமாக்க வேண்டும். பங்குச் சந்தை நின்றபோது விளக்கம் கேட்கப்பட்டது, விளக்கம் வந்தது, விதியும் மாறியது. பெண்ணாடத்துக் கவுண்டரில் காத்திருப்பவரின் அரை நாளுக்கும் அதே மதிப்பு உண்டு. "சர்வர் டவுன்" என்பதோடு நிறுத்தாமல், ஏன் நின்றது, இனி நிற்காமலிருக்க என்ன செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு.